பையை எடுத்தாச்சு

எங்கள் அண்ணியின் கடைக்குள் இரண்டு பேர் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. ஒருவர் நின்றால் இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடுக்கு அது. அதற்குள் ஒரு தையல் மெஷின், ஒரு பல்பு, ஒரு முக்காலி, மேலே முழுக்கத் தொங்கும் பைகள். பள்ளிக்கூடப் பை, பயணப் பை, லேப்டாப் பை, கேமரா பை என்று எதுவும் மிச்சமில்லை. ஜிப்பு போனது, வார் அறுந்தது, அடி கிழிந்தது எல்லாம் அவளிடம்தான் வரும். குப்பைக்குப் போக வேண்டியது என்று வீட்டில் முடிவாகிவிட்ட பையைக்கூட மனசு கேட்காமல் கொண்டுவந்து கொடுப்பார்கள். தெருவில் அவள் பெயர் பைக்காரம்மா.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே அவள் வேலை இடது பக்க வாரைத் தைப்பது. வலது பக்க வாரை வேறொருத்தி தைப்பாள். முழுப் பை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் கடைத்தெருவுக்குத்தான் போக வேண்டும். "வாழ்க்கை பூரா இடது வார் தைக்கறதுக்கா பொறந்தேன்?" என்று கேட்டுவிட்டு ஒருநாள் நின்றுவிட்டாளாம். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இந்த இடுக்கை அவளே தேடிப் பிடித்தாள்.

வந்தவர் "இங்க கிழிஞ்சிருக்கு" என்று விரலை நீட்டிக் காட்டினாலும் அண்ணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். முதலில் பையைக் கவிழ்த்து உதறுவாள். உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் துழாவுவாள். பிறகு பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, பையை உப்ப வைத்து, பல்புக்கு நேராகத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். தையல் பிரிக்கிற கத்தி அதற்கப்புறம்தான் கைக்கு வரும். அவசரப்படுகிறவர்களிடம், "பாக்காம கிழிக்கறதுக்கு நான் எதுக்குங்க? எலி போதுமே" என்பாள்.

நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனாரும் அண்ணியும் சண்டை போட வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. நாங்கள் யாரையும் ஏமாற்றுவதில்லை. எனக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை. நாள் முழுக்க மைக்கில் பேசிப் பழகியதால் வீட்டிலும் குரல் இறங்குவதில்லை. நான் கத்த, அவள் சிரிக்க, அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவான். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஊரான் பையை எல்லாம் குடைந்து பார்க்கிற அண்ணி தன் உடம்பு விஷயத்தில் மட்டும் கல்லுளிமங்கி. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் கடையில் எட்டிப் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளரிடம், "நீங்களே அந்தக் கொக்கிலேர்ந்து எடுத்துக்கங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். எழுந்து எடுத்துக் கொடுக்காதவள் இல்லை அவள். முகம் வெளுத்துக் கிடந்தது. முக்காலியின் மேல் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருங்க அண்ணி" என்றேன்.

"மாட்டேன். நீ வெளிய நில்லு."

"எழுந்திருங்கங்கறேன்."

எழுந்தாள். துண்டு நனைந்து, புடவையும் நனைந்திருந்தது.

"மாசத்துல பாதி நாள் இப்படித்தான் போகுது. வயசு அப்படி. தானா நின்னுடும்" என்றாள், ஏதோ குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொல்வது மாதிரி. எப்போதிருந்து என்று கேட்டேன். மழைக்காலத்திலிருந்து என்றாள். அப்போது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில், "உங்களுக்கு மூளை கீளை இருக்கா?" என்று கேட்டேன். பக்கத்து மருந்துக்கடைக்காரர் தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

விஷயம் வீட்டில் உடைந்ததும் முதலில் ஓடிவந்தது எங்கள் சித்தி. சித்திக்குப் பல வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து யாருக்குத் தலைவலி என்றாலும் அவர் சொல்லும் வைத்தியம் அது ஒன்றுதான். "டெஸ்ட்டு, ஸ்கேனுன்னு எதுக்கு அலையணும்? பையை எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு. எனக்கு எடுத்தாங்களே, நான் என்ன குறைஞ்சா போயிட்டேன்?"

"ஜிப்பு ஓடலன்னு யாராவது பையையே தூக்கிப் போடுவாங்களா சித்தி?" என்றாள் அண்ணி. சித்தியே சிரித்துவிட்டார்.

சித்தியை வாசல் வரை விட்டுவிட்டுத் திரும்பினேன். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதற்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"கேன்சரா இருக்குமோ?" என்றாள் என்னைப் பார்க்காமல்.

"வாயைக் கழுவுங்க முதல்ல" என்று அதட்டினேன். அவள் உண்மையிலேயே வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தாள். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அண்ணனும் விடுப்பு போட்டுவிட்டு வந்தான்.

டாக்டர் எங்கள் வயதுப் பெண்மணி. அவசரப்படாமல் கேட்டார். எத்தனை நாள் போகிறது, நடுநடுவே வருகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கிறது, தலை சுற்றுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா.

"கட்டி கட்டியா போகுதா?"

"ஆமா டாக்டர்."

"எவ்வளவு பெருசு இருக்கும்?"

"சாதாரணமா சட்டைப் பித்தான் அளவு. சில நாள் கோட்டுப் பித்தான். ரெண்டு தடவை பக்கிள் அளவுக்குப் போயிடுச்சு."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "எந்தப் பக்கிள்?"

"ஸ்கூல் பை பக்கிள். இடுப்பு வார்ல வரும்ல, அது."

டாக்டர் கையாலேயே அளவு காட்டிக் கேட்டு, தலையாட்டிக்கொண்டு எழுதினார். "இதுக்கு அந்தக் காலத்து வைத்தியத்துல பேரே பெரும்பாடுதான்" என்றார்.

"பேரு வச்சது கண்டிப்பா ஒரு பொம்பளையாத்தான் இருக்கணும்" என்றாள் அண்ணி.

முதல் சோதனையே கர்ப்பமா என்று பார்ப்பது. அதைக் கேட்டதும் அண்ணி சிரிக்க ஆரம்பித்தவள்தான், நிறுத்தவே இல்லை. அவள் மகள் வெளியூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறாள். "எனக்கா? இந்த வயசுலயா? இவருக்கு டிவி பாக்கவே நேரம் பத்தல டாக்டர்!" அண்ணனின் காது சிவந்து, பார்வை மின்விசிறிக்குப் போய்விட்டது. அது இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்ற எதையும் யோசிக்க முடியும், யார் வந்தாலும் இதைக் கேட்காமல் விடுவதில்லை என்றார் டாக்டர். அது இல்லை என்றே வந்தது. அண்ணன் மூச்சு விட்டான்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாதாளத்தில் இருந்தது. அவள் எழாமல் உட்கார்ந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தைராய்டு சரியாக இருந்தது. ரத்தம் உறைவதிலும் கோளாறு இல்லை. கர்ப்பப்பையின் வாயையும் பார்த்துவிட்டு அங்கே ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அடுத்து ஸ்கேன். வயிற்றின் மேல் வைப்பது இல்லை, உள்ளே வைத்துப் பார்ப்பது. மெல்லிய குச்சி போன்ற கருவி. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததாகவும், ஸ்கேன் எடுத்த பெண் "எங்க வீட்டு ஜிப்பெல்லாம் ரிப்பேர்ம்மா" என்று பேச்சுக் கொடுத்ததும் பயம் பாதி போய்விட்டதாகவும் வெளியே வந்து சொன்னாள். அந்தப் பெண்ணின் மூன்று பைகளை அதன்பிறகு தைத்துக் கொடுத்தாள்.

"கர்ப்பப்பையோட உள்பக்கம், அந்த லைனிங், இருக்க வேண்டியதைவிடத் தடிமனா தெரியுது" என்றார் டாக்டர்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்களும் லைனிங்னுதான் சொல்லுவீங்களா?"

"லைனிங்னுதான் சொல்லுவோம்."

அந்த ஒரு வார்த்தையில் அண்ணிக்கு டாக்டர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

லைனிங் முழுக்கவே தடித்திருக்கிறதா, இல்லை உள்ளே ஏதாவது வளர்ந்து மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு அப்படிக் காட்டுகிறதா என்பது இந்த ஸ்கேனில் பிடிபடவில்லை. அதனால் உள்ளே கொஞ்சம் உப்புநீர் செலுத்தி, பையை விரித்துவிட்டு, மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார். ரத்தம் நிற்பதற்கு மாத்திரை, உடம்பு தேறுவதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். போக்கு நின்றதும் வரச் சொன்னார்.

அந்த ஸ்கேனுக்கு அண்ணி என் கையை விட மறுத்ததால் என்னையும் உள்ளே விட்டார்கள். திரையில் முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மட்டும் தெரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்லிய குழாய் வழியாக நீர் போகப் போக, அந்தப் பட்டையின் நடுவே கறுப்பாக ஓர் இடம் திறந்தது. ஒட்டிக் கிடந்த இரண்டு பக்கமும் மெதுவாக விலகின.

"நாத்தனாரே! பேப்பர் திணிக்கறாங்கடி!" என்று அண்ணி கத்தினாள்.

"அசையாதீங்கம்மா" என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கறுப்புக்கு நடுவே, மேலேயிருந்து விரல்நுனி போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நீர் அசைய அதுவும் அசைந்தது. எனக்கே தெரிந்தது.

"இதுதான் ஆளு" என்றார் டாக்டர். "பாலிப். சதை வளர்ச்சி. பெரும்பாலும் சாதுவா இருக்கும். ஆனா பெரும்பாலும்னு நான் சொன்னா போதாது. சின்ன கேமராவை உள்ள விட்டு, நேராப் பாத்து, இதை எடுத்துடலாம். லைனிங்லேர்ந்தும் துளி எடுத்து ரெண்டையும் லேபுக்கு அனுப்பணும். பயாப்சி. அது வந்தாத்தான் முடிவாச் சொல்ல முடியும்."

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னோம். அவன், "பயாப்சின்னா பையை எடுக்கறதா?" என்று கேட்டான். இல்லை, துளி சதை எடுத்துப் பார்ப்பது என்றேன். வீட்டுக்குப் போனதும் மறுபடி கேட்டான். சாப்பிடும்போதும் கேட்டான். வேறு யாராவது என்றால் கத்தியிருப்பேன். அவன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னேன்.

கேமரா விடும் நாளில் அண்ணி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டாள். "பையை எடுத்துட மாட்டீங்களே?"

"உங்களைக் கேக்காம ஒண்ணையும் எடுக்க மாட்டோம்."

அவளை உள்ளே அழைத்துப்போகத் தயாரானபோது அவள் கைபேசி அடித்தது. டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர். அன்று சாயங்காலம் அவருக்குக் கச்சேரி; அவருடைய பெரிய கறுப்புப் பை கடையில் தைத்துத் தயாராக இருந்தது, கடை பூட்டியிருந்தது.

"ஐயையோ, மறந்தே போயிட்டேன். என்னங்க, நீங்க ஓடிப்போய் அந்தப் பையை எடுத்துக் குடுத்துட்டு வந்துருங்க. குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள நல்லாக் கை விட்டுப் பாருங்க, ஊசி கீசி கிடக்கப் போகுது. குடுத்ததும் எனக்குச் சொல்லிடுங்க" என்று அண்ணனிடம் சாவியைத் திணித்தாள். ஆபரேஷன் அறைக்குப் போகிறவளுக்குக் கவலை அடுத்தவர் பையைப் பற்றி! சாவியை வாங்கிக்கொண்டு அவன் ஓடினான். நான் அப்போது கழிப்பறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அண்ணி உள்ளே போய்விட்டாள், அண்ணனையும் காணவில்லை. தேநீர் குடிக்கப் போயிருப்பான் என்று விட்டுவிட்டேன். இதையெல்லாம் எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் கைபேசியில் டிங் என்றது. குடும்பம் மொத்தமும் இருக்கிற குழுவில் அண்ணனின் குரல் செய்தி. வருஷத்துக்கு ஒரு முறைகூட அதில் வாய் திறக்காதவன் அவன். அழுத்திக் கேட்டேன்.

"பையை எடுத்தாச்சு. உள்ள நல்லாப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. பத்திரமாக் கொண்டுபோயிட்டாங்க. கவலப்படாத."

இன்னொரு முறை அழுத்திக் கேட்டேன், அதேதான். கேட்காமல் எடுக்க மாட்டேன் என்று அவ்வளவு இனிமையாகச் சொன்னார்களே! அவனிடம் மட்டும் சொல்லிவிட்டு வேறு வழியாகக் கொண்டுபோய்விட்டார்களா? அடுத்த நொடியே சித்தி அழைத்தார். "நான் அப்பவே சொன்னேன்ல! நல்ல காரியம் பண்ணீங்க. சூப்பு வச்சு எடுத்துக்கிட்டு வரேன்." அவரைத் துண்டிப்பதற்குள் அண்ணியின் மகள் அழைத்தாள். அவள் அழுத அழுகையில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

நான் நேராக ஆபரேஷன் அறை வாசலுக்குப் போனேன். நர்ஸ் தடுத்தாள். என் குரல் தன்னால் மைக் குரலாகிவிட்டது. "பொறுப்பானவங்க யாரா இருந்தாலும் உடனடியா வெளிய வரவும்!" தாழ்வாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பதறி எழுந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "எந்த பஸ்ஸு?" என்று கேட்டார்.

டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசத்தை இறக்கினார். கையில் விரல் நீளத்துக்கு ஒரு புட்டி.

"எங்க அண்ணியோட பை எங்க?" என்றேன்.

"அவங்க பொருளெல்லாம் நர்ஸ்கிட்ட இருக்கு."

"அந்தப் பை இல்ல! கர்ப்பப்பை!"

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது அவங்க வயித்துலதான் இருக்கு. வேற எங்க இருக்கும்?" புட்டியைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் வெளிறிய துணுக்கு ஒன்று மிதந்தது. "எடுத்தது இதையும், லைனிங்லேர்ந்து ஒரு துளியையும்தான். அழகா வந்துடுச்சு. அவங்களும் நல்லா இருக்காங்க."

அந்த நேரம் பார்த்து அண்ணன் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். என்னடா செய்தி அனுப்பினாய் என்று அவன் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். திருதிருவென்று விழித்தான். "டிரம்ஸ்காரர் பை. எடுத்துக் குடுத்துட்டேன். அவகிட்ட சொல்லணும்னு சொன்னா. அவளுக்குத்தானே அனுப்பினேன்?" கைபேசியை எடுத்துப் பார்த்தான். குழுவில் அதற்குள் அழுகை முகங்களும் கும்பிடும் கைகளும் குவிந்துகிடந்தன. டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். மூட்டையோடு நின்ற பெரியவருக்கும் நான் விளக்க வேண்டியதாயிற்று.

மயக்கம் தெளிந்த அண்ணிக்கு விஷயத்தைச் சொன்னதும், "சிரிக்க வைக்காதடி, வலிக்குது" என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூப்போடு வந்த சித்தி விஷயத்தைக் கேட்டதும், "அப்ப எடுக்கலையா?" என்று முகம் தொங்கிப்போனார். ஆனாலும் சூப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். யார் எந்தப் பையை எடுத்தாலும், "கேட்டுட்டு எடுத்தியா?" என்று ஒரு சிரிப்பு. அண்ணி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். ஆனால் அந்தப் புட்டி லேபில் இருக்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் தெரியும். கைபேசி அடித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

முடிவு வந்துவிட்டது என்று அழைத்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பிரித்துப் படித்தார். மேஜைக்குக் கீழே அண்ணி என் கையைப் பிடித்தாள். தையல் வேலை செய்து காய்த்த விரல்கள், எனக்கு வலித்தது. அண்ணன் நாற்காலியில் உட்காரவே இல்லை, எங்களுக்குப் பின்னால் நின்றான்.

"புற்று இல்ல" என்றார் டாக்டர். "சாதாரண பாலிப். லைனிங்லயும் ஒரு கோளாறும் இல்ல. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் விடாதீங்க. மறுபடி ரத்தம் அதிகமாப் போச்சுன்னா இந்தத் தடவை மாதிரி மாசக்கணக்காக் காத்திருக்காம உடனே வாங்க."

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்" என்றாள் அண்ணி.

"புற்று இல்லம்மா."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்தோம். அண்ணி சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நானும் அழுதேன்.

"செத்துப் போயிடுவேன்னே நினைச்சுட்டேன்டி" என்றாள். "தினமும் உலை வைக்கறப்ப எல்லாம் அதேதான். இந்த மனுஷனுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாதே, நான் போயிட்டா என்ன பண்ணுவார்னு."

அண்ணன் அவள் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தான். போவோர் வருவோர் பார்க்கிறார்களே என்று அவன் கவலைப்படவில்லை. அவளுடைய செருப்பின் வார் விலகியிருந்தது. அதைச் சரிசெய்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினான்.

"நாளைலேர்ந்து சமையல் கத்துக்கறேன்."

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகையும் சிரிப்புமாக அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஆட்டினாள்.

"இப்ப என்னத்துக்கு? அதான் நான் இருக்கேனே."